படகு அதிர்ந்தால் எங்கே பார்ப்பது?



பாகான் டத்தோ, கேரித் தீவு போன்ற கடலோரப் பகுதிகளில் தோட்டத்தை ஒட்டியே ஆறும் கடலும் இருக்கின்றன. தோட்ட வேலை போக மீதி நேரத்தில் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. படகு வேலையையே தொழிலாகக் கொண்ட பிள்ளைகளும் உண்டு. ஆகவே, இன்று படகைப் பற்றிப் பேசுவோம்.

நாம் எடுத்துக்கொள்வது டீசல் இயந்திரம் பொருத்திய ஒரு மரப்படகு. இயந்திரத்தின் பின்னால் கியர் பெட்டி. அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு, அதாவது ஷாப்ட், படகின் அடியிலுள்ள குழாய் வழியாக வெளியே போகிறது. அதன் முனையில் விசிறி. மலாய்க்காரர்கள் இதைக் ‘கிப்பாஸ்’ என்பார்கள். இந்தப் படகு ஓடும்போது அளவுக்கு மீறி அதிர்ந்தால் என்ன செய்வது?

“இயந்திரம் என்றால் அதிரத்தான் செய்யும்” என்று சிலர் விட்டுவிடுவார்கள். “இயந்திரமே போய்விட்டது” என்று வேறு சிலர் கடன் வாங்கிப் பெருஞ்செலவில் இறங்குவார்கள். இரண்டும் தவறு. பின்னதில் பணம் வீணாகிறது. முன்னதில் உயிருக்கே ஆபத்து. எப்படி என்று கேட்கிறீர்களா? ஷாப்ட் வெளியே போகும் குழாயில், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கத் திரிபோன்ற அடைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். ஓயாத அதிர்வு அந்தத் திரியைத் தேய்த்துவிடும், போல்ட்டுகளைத் தளர்த்திவிடும். பிறகு பலகைக்கு அடியில் தண்ணீர் சிறிதுசிறிதாக ஏறும். இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் தெரியாது.

அதிர்வு எப்படிப் பிறக்கிறது? காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளிலும் பால் சமமாக இருந்தால் நடை சீராக இருக்கும். ஒரு வாளியில் கூடி மற்றதில் குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் தோள் ஆட்டம் காணும். சுழலும் பொருளும் அப்படித்தான். இயந்திரம் நிமிடத்திற்கு 1,800 முறை சுற்றுகிறது, கியர் பெட்டி அதைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஷாப்ட் நிமிடத்திற்கு 900 முறை சுற்றும். அதாவது, நொடிக்கு 15 முறை. ஷாப்ட்டில் ஒரு சிறு வளைவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 54,000 முறை அது படகைக் குலுக்கும்.

இனி, குறையைத் தேடும் முறைக்கு வருவோம். வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: விடை எழுதுவதற்கு முன் கேள்வியைப் படியுங்கள். படகிலும் முதல் வேலை கேள்வி கேட்பதுதான். அதிர்வு எப்போது தொடங்கியது? கட்டையில் மோதிய பிறகா? விசிறியை மாற்றிய பிறகா? எந்த வேகத்தில் அதிகமாகிறது? இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. படகைத் துறையில் நன்றாகக் கட்டி, கியரைப் போடாமல் இயந்திரத்தை மட்டும் மெதுவாக வேகமூட்டுங்கள். அப்போதே பலமாக அதிர்ந்தால், குறை இயந்திரத்திலோ அதைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளிலோ இருக்கிறது. அமைதியாக ஓடி, கியரைப் போட்டுப் போகும்போது மட்டும் அதிர்ந்தால் கியர் பெட்டிக்குப் பின்னால் தேட வேண்டும். ஒன்று, இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய டீசல் இயந்திரங்கள் குறைந்த வேகத்தில் கொஞ்சம் குலுங்குவது இயல்பு. வேகம் கூடியதும் அது அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை.

பின்பக்கம் தேடும்போது விசிறியிலிருந்து தொடங்குங்கள். நீர் வற்றும் வேளையில் படகு தரைதட்டி நிற்கும்போது பார்ப்பது நல்லது. இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே விசிறியில் கை வைக்க வேண்டும். பழைய வலை, நைலான் கயிறு, பிளாஸ்டிக் பை ஏதாவது சுற்றியிருக்கிறதா? சிப்பி ஒட்டியிருக்கிறதா? இருந்தால் நீக்குங்கள். பிறகு, ஓர் இலையின் நுனியைத் தொடும்படி ஒரு குச்சியை அசையாமல் நட்டு, விசிறியைக் கையால் சுற்றுங்கள். எல்லா இலைகளும் குச்சியை ஒரே மாதிரி தொட வேண்டும். ஒன்று விலகினால் அந்த இலை வளைந்திருக்கலாம். அதைக் கல்லில் வைத்துத் தட்டாதீர்கள். இலையின் சாய்வு மாறிவிடும். பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

இப்போது ஷாப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ‘கடகட’ என்று ஆடினால், அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. குச்சியை ஷாப்ட்டின் அருகே வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி கூடியும் குறைந்தும் தெரிந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறது.

அடுத்தது, ஷாப்ட்டும் கியர் பெட்டியும் சேரும் கப்ளிங். இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில், ஷாப்ட் பின்னால் நழுவாதபடி கட்டிவிட்டுப் போல்ட்டுகளைக் கழற்றுவார். இரண்டு தட்டுகளையும் ஒட்ட வைத்து, மேலே, கீழே, இடம், வலம் என நான்கு இடங்களில் மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளப்பார். 4 அங்குலத் தட்டுக்கு வித்தியாசம் ஏறக்குறைய 4 ‘தவ்’, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஷாப்ட்டைச் சுற்றிய பிறகும் அகன்ற இடைவெளி அதே இடத்தில் நின்றால் இயந்திரம் நேராக உட்காரவில்லை. ஷாப்ட்டோடு அந்த இடைவெளியும் சுற்றி வந்தால் ஷாப்ட்டோ அதன் தட்டோ கோணலாக இருக்கிறது. படகு மிதக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். கரையில் ஏற்றினால் மரப்படகின் அடிப்பாகம் சற்று உருமாறும். அங்கே எடுத்த அளவு தண்ணீரில் பொருந்தாது.

கடைசியாக, இயந்திரத்தின் ரப்பர் தாங்கிகள். நாம் பால் வெட்டும் மரத்தின் ரப்பர், அதிர்வைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆனால் டீசலும் எண்ணெயும் அதற்குப் பகை. பட்டால் ஊறி உப்பிப் பலமிழந்துவிடும். எண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள். வெடித்துப்போன, அமுங்கிப்போன தாங்கியை மாற்றுங்கள்.

இந்த வரிசையில் தேடினால், செலவில்லாத சோதனை முதலிலும் செலவுள்ள வேலை கடைசியிலும் வரும். பல நேரங்களில் ஒரு முழம் கயிறுதான் குற்றவாளியாக இருக்கும்.

நேயர்களே, கடலுக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லுங்கள். நடுவழியில் திடீரென்று அதிர்வு வந்தால், சீக்கிரம் கரை சேரலாம் என்று வேகத்தைக் கூட்டக் கூடாது. வேகத்தைக் குறைத்து, கியரை எடுத்துவிட்டு, மிதவைச் சட்டையை அணிந்துகொண்டு, முதலில் அடிப்பலகையைத் தூக்கித் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் இறைத்துக்கொண்டே, அருகிலுள்ள படகை உதவிக்கு அழைக்க வேண்டும்.