தண்டவாளம் முடியும் ஊர்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டு ரயில், ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஓடிய பின்னர் பதுளையில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. 1924ஆம் ஆண்டில் அந்த நிலையத்தைத் திறந்த வெள்ளைக்காரர்களுக்கு அது பாதையின் முடிவு. அதனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ உலகமே அங்கேதான் தொடங்கிற்று.

நான் அந்த நிலையத்தில் ரயிலேறி ஊரைவிட்டு வந்தது 1973ஆம் ஆண்டில், என்னுடைய 16ஆம் வயதில். இப்போது நீலகிரியில், கூடலூருக்குப் பக்கத்தில் வாழ்கிறேன். இங்கும் மலை உண்டு, தேயிலை உண்டு, பனியும் உண்டு. ஆயினும், "உமக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், நாக்கு முந்திக்கொண்டு "பதுளை" என்றுதான் சொல்கிறது. அரை நூற்றாண்டாகியும் அதனைத் திருத்த முடியவில்லை.

பதுளை நகரம் மலைகளுக்கு நடுவே வைத்த கிண்ணம் போன்றது. பதுளு ஓயா அதனை அணைத்துக்கொண்டு ஓடி, சில மைல்களுக்கு அப்பால் துன்ஹிந்தை என்னுமிடத்தில் 64 மீட்டர் உயரத்திலிருந்து வெண்புகையாக விழுகிறது. பசறைப் பக்கத்தில் நமுனுகுலை மலை 2,000 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும். எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால், இரவில் நகரத்து விளக்குகள் கீழே சிதறிக் கிடக்கும். "வெள்ளி பாதி மேலே, பாதி கீழே" என்பாள் என் அப்பாயி.

சம்பளத்துக்கு மறுநாள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சிறுவர்களாகிய நாங்கள் மாதம் முழுவதும் காத்திருப்போம். அன்று அப்பா என்னையும் அக்காளையும் அழைத்துக்கொண்டு குறுக்குப் பாதையால் நகரத்துக்கு இறங்குவார். கடைத்தெருவில் கருவாட்டு வாசனையும் கொத்தமல்லி வாசனையும் கலந்து வரும். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று எல்லோரும் கடை வைத்திருந்தார்கள். வாங்கப் போனவன் எந்தப் பாஷையில் கேட்டாலும் அந்தப் பாஷையில் விலை சொல்லுவார்கள். முதியங்கணை விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தைத் தூரத்தில் கண்டதும் அப்பாயியின் வழக்கப்படி நாங்களும் கைகூப்புவோம். கதிர்காமத் தெய்வத்துக்கு அந்நகரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. முருகன் எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் வருவான் என்பது அவளுடைய சித்தாந்தம்.

நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயத்தைப் பற்றியும் அவளிடம் ஒரு கதை இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்ற மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்ததே அந்த ஆலயம். ஊவாவின் பாதைகளை அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு என்பார்கள். அப்பாயிக்குப் பாதைகள் பொருட்டல்ல. "வாயில்லாச் சீவன்களின் கண்ணீர்தான் மின்னலாக வந்தது" என்று அவள் முடித்துவிடுவாள்.

ஊவாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்த்துவிடும். ஈரத்தை இழந்த காற்று மாத்திரம் மலைமுகட்டைத் தாண்டி ஊவாவின் சரிவுகளில் இறங்கும். அந்த வறண்ட காற்றில் கொழுந்து துவண்டு, உள்ளுக்குள்ளே ஒரு மணத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஏறத்தாழப் புதினாவை ஒத்த அந்த மணத்துக்காகவே, ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் வரும் ஊவாத் தேயிலையை உலகத்து வியாபாரிகள் தேடி வாங்குகிறார்கள். ஸ்டோரில் இலை வாட்டும் இரவுகளில் அந்த மணம் லயம் வரைக்கும் வரும். நான் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு அதை முகர்ந்தபடியே உறங்கிப்போவேன்.

அந்த மணத்துக்கு மறுபக்கமும் உண்டு. காற்று அடிக்கும் நாட்களில் செடியில் துளிர் குறையும். பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, விடியுமுன் மலைக்குப் போன அக்காளின் கூடை மாலையில் நிரம்பியிராது. நிறுத்துப் பார்த்து, அரைப்பேர் என்று எழுதிவிடுவார்கள். நாள் முழுவதும் உழைத்ததற்குப் பாதிச் சம்பளம். உதடு வெடித்து, கை காய்ந்து அவள் வந்து அடுப்பங்கரையில் உட்காருவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நினைவு எனக்கு வெகு காலம் மணத்துக்குப் பின்னால்தான் வந்து நின்றது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியா 5,25,000 பேரை ஏற்பது, இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை கொடுப்பது, மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தையும் 1974ஆம் ஆண்டில் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்குத் தவறாமல் நடந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இந்தியா கிடைத்தது. இலங்கைக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காளுக்குப் பதுளை கிடைத்தது. அப்பாயி, நல்லவேளையாக, அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள்.

தலைமன்னாருக்கு எங்கள் மக்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலைநாட்டார் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அன்று பதுளை மேடையில் அப்பெயரின் பொருளை நான் அறிந்துகொண்டேன். அக்காள் இடுப்பில் குழந்தையுடன், அழாமல் நின்றாள். தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்தேறுகிறது; நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள குகைக்குள் நுழைந்து புறப்படும் ரயில், வட்டமிட்டு அதே நிலையத்தின் மேல் வந்து நிற்கும். வந்த வழி கீழே தெரிந்தது. அப்பா அதைக் காட்டி, "கோச்சிக்கே போக மனசில்லடா" என்றார். எல்லைக்கு இப்பால் ஒன்பது வளைவுப் பாலம் கடந்தது. ஒஹியாவுக்கு அப்பால் உச்சிக் குகைக்குள் புகுந்தபோது வெயில் இருந்தது. பட்டிப்பொலைப் பக்கம் வெளிவந்தபோது மூடுபனி. ஊவா முடிந்துவிட்டது.

பிறகு தலைமன்னார்க் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், இந்த நீலகிரி. 'தாயகம் திரும்பியோர்' என்று காகிதத்தில் எழுதினார்கள். அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்றார்கள். இரண்டு பெயருக்கும் நடுவில் எனக்கு மிஞ்சியது பதுளையின் நினைவு ஒன்றுதான். அதை மெருகிட்டு மெருகிட்டு என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அக்காளுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், காற்று அடிக்கிறதா, துன்ஹிந்தையில் தண்ணீர் எப்படி, மாசியில் காமன் கூத்து ஆடினார்களா என்றே கேட்பேன். "எல்லாம் அப்படியே இருக்கிறது தம்பி" என்று பதில் வரும். 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை.

2016ஆம் ஆண்டில்தான் திரும்பிப் போக வாய்த்தது. அதே ரயில். ஒன்பது வளைவுப் பாலத்தில் வெளிநாட்டார் கூட்டங்கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதுளை நிலையத்தில் நரைத்த கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை காய்ப்பைக் கொண்டுதான் அக்காளை அடையாளம் கண்டேன்.

லயம் அப்படியேதான் இருந்தது. தகரம் மட்டும் மாறியிருந்தது. அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து காற்றையும் விளக்குகளையும் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் கப்பலேறிய மறு வருஷம் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. கூப்பன் மாவும் குறைந்துபோக, காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றார்கள். இடுப்பில் வைத்து வழியனுப்பிய குழந்தையை அந்த வருஷம்தான் பறிகொடுத்தாள். 1983 ஜூலையில் பதுளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகள் எரிந்த இரவில், பிள்ளைகளோடு தேயிலைச் செடிகளுக்கடியில் படுத்துக் கிடந்தாள். கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பமொன்று வந்து அவர்களை அழைத்துப்போய் மூன்று நாள் வைத்துக் காத்தது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிய பிறகு, மழை பெய்யும் இரவுகளில் அவள் தூங்குவதில்லை.

குழந்தை சளிக்காய்ச்சலில் போய்விட்டது என்று அந்தக் காலத்தில் ஒரு வரி வந்திருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"இதையெல்லாம் ஏன் அக்கா எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"நீ ஒவ்வொரு காயிதத்திலயும் பதுளையைப் பத்தி அவ்வளவு ஆசையாக் கேட்டிருப்ப. அதைப் போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

நான் 43 ஆண்டுகள் போற்றி வைத்திருந்த பதுளை, என் நினைவின் வலிமையால் அழியாமல் நின்றது என்றே எண்ணியிருந்தேன். அவள் எழுதாமல் விட்ட வரிகளால் நின்றது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சிறிது நேரம் கழித்து, பிள்ளைகளோடு இந்தியாவுக்கு வந்துவிட ஒருபோதும் தோன்றவில்லையா என்று கேட்டேன். ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "நம்ம ஊரை விட்டுட்டா?" என்றாள். அதில் கோபமில்லை, நான் கேட்டது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது போலும்.

இருட்டியதும் கீழே நகரத்து விளக்குகள் எரியத் தொடங்கின. முன்னைவிட அதிகம். இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். அப்பாயி சொன்னதை அக்காளும் மறந்திருக்கவில்லை.

இப்போதும் யாராவது ஊரைக் கேட்டால் பதுளை என்றுதான் சொல்கிறேன். துன்ஹிந்தையையும் ஆடிக் காற்றையும் பற்றி என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாமலும் இருப்பதில்லை. ஆனால் அக்காளின் அரைப்பேரையும், அந்தப் பஞ்ச வருஷத்தையும், சிங்களக் குடும்பத்தின் அந்த மூன்று நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கதை நீளுகிறது, குழந்தைகள் பொறுமையாகவே கேட்கிறார்கள்.