நிறைகோல்

ஆண்டிறுதித் தேர்வு ஒன்றனால் மட்டும் மாணவரின் கல்வியை அளந்தறிதல் இயலாது. ஆதலின், தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. அதன்கண் 60 மதிப்பெண் பருவத் தேர்விற்கும், 40 மதிப்பெண் வகுப்பறைச் செயல்பாடுகள், சிறு தேர்வுகள் ஆகியவற்றிற்கும் வகுக்கப்பெற்றன. வினாவுதல், விடையிறுத்தல், கலந்துரையாடல் ஆகியவை மதிப்பெண் பெறுங்கால், அவற்றை நடுவுநிலை பிறழாது அளப்பது எங்ஙனம்?

வகுப்பில் பேசுதல் கல்விக்கு இன்றியமையாதது. ஆசிரியர் உரைத்ததைக் கேட்டுக் கொள்வதனால் புலமை காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். இது பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் கூறும் கணக்கு. ஆகவே, எப்பொழுதும் வாய் திறவாதிருத்தல் நன்றன்று.

ஆயினும், பேச்சின் மிகுதி அறிவின் மிகுதி ஆகாது. அந்நூல் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. நீரை நீக்கிப் பாலைப் பருகும் அன்னமும், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்து அமர்ந்து அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர்க்கு உவமைகள். கற்பித்ததையே திருப்பிச் சொல்லும் கிளியோ இடை மாணாக்கர்க்கு உவமை. முந்திக் கையுயர்த்துவோன் கிளியாக இருத்தல் கூடும். பின்வரிசையில் அமைதியாக இருப்போன் அசைபோடும் பசுவாக இருத்தலும் கூடும்.

இவ்விருவரையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்து, 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வினவிய பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே விடைக்குக் காத்திருந்தனர். அதனை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் விரிவடைந்தன; மெல்லக் கற்போர் எனக் கருதப்பட்டோரும் மிகுதியாகப் பேச முன்வந்தனர். அவர்தம் மௌனத்திற்கு அறியாமை மட்டுமே காரணம் அன்று. சிந்திக்கக் காலம் கிடையாமையும் காரணமாயிற்று.

எனவே, எவ்வெவற்றிற்கு மதிப்பெண் என்பதை ஆசிரியர் முன்னரே அறிவித்தல் வேண்டும். பேசும் வாய்ப்பினை அனைவர்க்கும் முறையாக அளித்தல் வேண்டும். அவையில் பேச நாணுவோர், தம் கருத்தை எழுதிக் காட்டவும், இருவர் மூவராகக் கூடி உரையாடவும் இடந்தருதல் வேண்டும். நினைவை மட்டும் நம்பாது அன்றன்றே குறித்து வைத்தலும் நன்று.

நன்னூல் நல்லாசிரியர்க்குக் கூறும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. தட்டில் இட்ட பொருள் ஓசையுடன் விழினும், ஓசையின்றி அமரினும், நிறைகோல் அதன் எடையையே காட்டும். மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் அத்தகையராதல் வேண்டும்.