ஆணை வேறு, தரவு வேறு

‘செம்பொன்பதின்றொடி’ என்பது இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. செம்பொன் எனப் பிரித்தால் பொன் பத்துத் தொடி. செம்பு எனப் பிரித்தால் செம்பு ஒன்பது தொடி. எழுத்து ஒன்றே, பிரிக்குமிடம் மாறப் பொருளும் மாறுகின்றது. பேசுவோர் இசையால் இதனை வேறுபடுத்திக் காட்டுவர். கணிப்பொறியோ இசையறியாது, தன்முன் வந்த எழுத்துத்தொடரைப் பிரித்துப் பொருள்கொள்வதே அதன் தொழில்.

தரவுத்தளத்திற்கு ஆணையிடப் பயன்படும் மொழி எஸ்.க்யூ.எல். 1970இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைக் கோட்பாட்டைப் பின்பற்றி, 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் வெளியிட்ட மொழியின் வழிவந்தது அது. அதில் பதிவைத் திருத்தும் ஆணை இவ்வாறு அமையும்:

அப்டேட் மாணவர் செட் மதிப்பெண் = 90 வேர் பதிவெண் = 417

ஈண்டு ‘வேர்’ என்பது மரத்தின் வேரன்று. இடம் வினவும் ஆங்கிலச் சொல். எவருடைய பதிவைத் திருத்துவது என வரையறுக்கும் உறுப்பு அதுவே. அதனை விட்டுவிட்டால் அட்டவணையிலுள்ள அனைவருக்கும் 90 மதிப்பெண் கிடைத்துவிடும்.

நிரல் எழுதுவோர் பலர், திரையில் ஒருவர் உள்ளிடும் மதிப்புகளை அப்படியே ஆணைத்தொடரோடு ஒட்டிவிடுகின்றனர். பதிவெண் கேட்குமிடத்தில் அவர் ‘417 ஆர் 1=1’ என எழுதினால், ‘பதிவெண் 417, அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்பது நிபந்தனையாகின்றது. பின்னது எஞ்ஞான்றும் உண்மை. எனவே எல்லாப் பதிவுகளும் மாறும். 1998 டிசம்பரில் ‘பிராக்’ என்னும் மின்னிதழில் ஜெஃப் ஃபாரிஸ்டால் புனைபெயரில் எழுதிய கட்டுரை இவ்வகைத் தாக்குதலை வெளிப்பட விளக்கிற்று.

தீய எண்ணம் இல்லாவிடத்தும் இடருண்டு. மஸ்ஊத் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், ‘ஐன்’ என்னும் அரபி எழுத்தைக் குறிக்க நடுவே ஒற்றை மேற்கோட்குறி இடுவாருளர். எஸ்.க்யூ.எல். மொழியிலோ அக்குறி சொல் முடிந்தது என்பதற்கு அடையாளம். பெயர் பாதியில் அறுபட, ஆணை பிழையென்று திரும்பும். ஒருவர் பெயரைச் செம்மையாக எழுதியது குற்றமாகுமா?

ஜாவா மொழியில் இதற்குத் தீர்வு எளிது. மதிப்பு வருமிடத்தில் வினாக்குறி இட்டு, ‘அப்டேட் மாணவர் செட் மதிப்பெண் = ? வேர் பதிவெண் = ?’ என்னும் தொடரைப் ‘பிரிப்பேர்ஸ்டேட்மெண்ட்’ வாயிலாக அளித்தல் வேண்டும். பின்னர் ‘செட்இன்ட்’ கொண்டு முதல் வினாக்குறிக்கு 90, இரண்டாவதற்கு 417 எனத் தனியே வழங்குக. ஆணையின் இலக்கணம் வினாக்குறிகளோடேயே முடிவாகிவிடுதலால், பின்னர் வரும் மதிப்பு எத்தகையதாயினும் மதிப்பாகவே நிற்கும், ஆணையாக மாறாது.

‘எக்ஸிகியூட்அப்டேட்’ நிறைவேறியபின் திருத்தப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையைத் தரும். பலரும் இதனை நோக்குவதேயில்லை. ஒன்றே வரவேண்டிய இடத்தில் நூறு வந்தால் ‘ரோல்பேக்’ செய்து மீட்கலாம். அதற்குத் தானே உறுதிசெய்யும் ‘ஆட்டோகமிட்’ முறையை முன்னரே நிறுத்தியிருத்தல் வேண்டும்.

வினாக்குறி மதிப்பிற்கு மட்டுமே உரியது. அட்டவணையின் பெயருக்கோ நிரலின் பெயருக்கோ அதனை இட இயலாது. அப்பெயர்களைப் பயனரே தெரிவுசெய்வதாயின், ஏற்கத்தக்க பெயர்களை முன்னரே பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றுதானா என ஒப்புநோக்கிய பின்னரே ஆணையிற் சேர்த்தல் வேண்டும்.