கட்டிலும் காத்திருப்பும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு நோக்கு

வைத்தியசாலைக் கட்டில் பற்றாக்குறை பற்றிப் பேசுகையில் நாம் கட்டில்களை மட்டும் எண்ணிப் பார்த்து அமைந்துவிடுகிறோம். பிரித்தானியாவில் 1948இல் தோன்றிய தேசிய சுகாதார சேவையில் இக்குறை காத்திருப்போர் பட்டியலாக வெளிப்படுகின்றது. எத்தனை பேர், எத்தனை மாதம் என்பதை எவரும் அறியலாம். இலங்கையின் இலவச மருத்துவ சேவையில் நிலைமை வேறு. கட்டில் இல்லை என்று நோயாளியைத் திருப்பியனுப்பும் வழக்கம் இங்கில்லை. ஆதலின் ஒரே கட்டிலில் இருவர் கிடத்தப்படுவர். எஞ்சியோர் தரையிற் பாய் விரித்துக்கொள்வர். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோரின் காத்திருப்போ அவரவர் கிளினிக் கொப்பியினுள் அடங்கிவிடுகின்றது. இம்மரபு மனிதாபிமானம் மிக்கதே. எனினும் குறையின் அளவைக் கண்ணுக்கு மறைப்பதும் இதுவேயாகும்.

திருகோணமலைத் துறைமுக நகரின் பொது வைத்தியசாலைக்கு நகரத்தவர் மட்டுமன்றிக் கொட்டியாரக்குடாவுக்கு அப்பாலுள்ள மூதூர், கிண்ணியா மக்களும் வருகின்றனர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை நோயாளர் படகுப்பாதைக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காத்திருப்பை எந்த வைத்தியசாலைப் பதிவேடும் காட்டாது.

அதே ஆண்டில் இவ்வைத்தியசாலை பெருஞ்சுமையொன்றைத் தாங்கியது. பெப்ரவரி 10ஆம் நாள், புதுமாத்தளனிலிருந்து காயமுற்றோரும் நோயுற்றோருமாக 240 பேரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல்வழியே திருகோணமலைக்குக் கொணர்ந்தது. மே மாதம்வரை தொடர்ந்த இப்பயணங்களில், உடன்வந்த உறவினரையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பேர் வெளியேற்றப்பட்டனர். இத்தொகையை ஒரு மாவட்ட வைத்தியசாலை தனித்துத் தாங்குதல் இயலாது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவினர் கள வைத்தியசாலை அமைத்தனர்; நோயாளர் பலர் வேறு மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டனர்.

2017 மார்ச்சில் கிண்ணியாவிற் பரவிய டெங்கு பிறிதொன்றை உணர்த்தியது. அந்நோயில் குருதி நாளங்களிலிருந்து திரவம் கசியும் கட்டம் ஏறத்தாழ 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அவ்வேளையில் இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்து, திரவத்தைக் கணக்கிட்டு ஏற்றத் தாதியர் அருகிலிருத்தல் வேண்டும். தாதியரின்றிக் கட்டில் சேர்ப்பதால் மட்டும் இக்குறை தீராது.

இன்னுமொன்று. பெரிய வைத்தியசாலைகள் நிரம்பி வழிகையிற் சிறிய பிரதேச வைத்தியசாலைகளிற் கட்டில்கள் வெறுமையாயிருப்பது நாடெங்கும் காணப்படுவதே. விசேட வைத்தியரும் ஆய்வுகூடமும் இல்லாத இடத்துக்கு நோயாளர் செல்லாமைக்கு அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. அங்கு ஆய்வுகூட வசதியேனும் ஏற்படுமாயின், சாதாரண காய்ச்சலோடு நகருக்கு வருவோரிற் பலர் தம்மூரிலேயே தங்கிவிடுவர் என்பது எமது கருத்தாகும்.