சிவப்பு காலிப்பர் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

சமிக்ஞை விளக்கருகே ஒரு மைவி நிற்கிறது. முன்சக்கர ரிம்முக்குள் சிவப்பு காலிப்பரும் துளையிட்ட பெரிய பிரேக் தட்டும் பளிச்சென்று தெரிகின்றன. (சில கார்களில் அந்தச் சிவப்பு வெறும் பிளாஸ்டிக் உறைதான்!) “இதை மாட்டினால் கார் பாதித் தூரத்திலேயே நின்றுவிடும்” என்று உங்கள் அண்ணனோ மாமாவோ சொல்லியிருப்பார்கள். உண்மையா?

பிரேக், சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கிறது. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு விசை. பெடலை ஓங்கி மிதித்தால், நல்ல நிலையில் உள்ள சாதாரண பிரேக்கே சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துவிடும்; டயர் சறுக்கும். அதைத் தவிர்க்கத்தான் ஏ.பி.எஸ். இருக்கிறது. ஆகவே, பழைய டயரை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றினால், ஓர் அவசர நிறுத்தத்தில் தூரம் பெரிதாகக் குறையாது.

பிறகு பெரிய தட்டு எதற்கு? வெப்பத்திற்காக.

1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்கச் சக்தி 450,000 ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காரை நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்பிரேக்குகளுக்கே அதிகப் பங்கு.

இப்போது கெந்திங் மலையிலிருந்து இறங்குவோம். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் நிலைச் சக்தி ஏறக்குறைய 1 கோடி ஜூல். அதே காரை அந்த வேகத்திலிருந்து 22 முறை நிறுத்துவதற்குச் சமம்! காற்றும் எஞ்சினும் ஒரு பகுதியை ஏற்கும். ஆனால், பெடலில் வைத்த காலை எடுக்காமலே இறங்கினால் மிச்சம் முழுவதும் பிரேக்குக்குத்தான். பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 பாகை வரை இறங்கலாம்.

கனமான தட்டு அதே வெப்பத்தை வாங்கினாலும் குறைவாகவே சூடேறும். பரப்பு பெரிது என்பதால் விரைவில் ஆறும். பந்தயப் பாதையிலும் மலைச்சாலையிலும் இது பெரும் உதவி. ஆனால் முன்பக்கத்தை மட்டும் வலுப்படுத்தினால் முன்-பின் பிரேக் சமநிலை கெடலாம். பந்தய பேட்கள் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிப்பதும் இல்லை.

மலை இறங்கும்போது குறைந்த கியருக்கு மாற்றினால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். இதற்குச் செலவே கிடையாது. அண்ணன் புதிய பிரேக் வாங்கப் புறப்பட்டால், டயரில் பள்ளம் எவ்வளவு மிச்சம், பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்று முதலில் கேளுங்கள்.