பழைய லோடு வண்டி வாங்குவோர் கியர் பாக்ஸையும் பார்த்து வாங்குவீர்

நம் உறுப்பினர்களில் பலர் இப்போது சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். புது வண்டிக்குத் தவணை கட்டி மாளாது என்று பழைய வண்டியைத் தேடுகிறவர்களே அதிகம். அப்படி வாங்கப் போகும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? டயரைப் பார்க்கிறோம். எஞ்சின் புகை விடுகிறதா என்று பார்க்கிறோம். தொட்டியின் அடிப்பலகை துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறோம். ஆர்.சி. புத்தகம், இன்ஷ்யூரன்ஸ், எப்.சி. தேதி எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். ஆனால் மலையேறும்போது வண்டியைக் காப்பாற்றுகிற கியர் பாக்ஸ் என்ன ஜாதி, எத்தனை கியர், எதற்குப் பொருத்தமானது என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம். நானும் அப்படிக் கேட்காமல் வாங்கியவன்தான்.

1989-ஆம் ஆண்டு அது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைப்பாதைக் கடைகளுக்கு அரிசி, பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஒரு புரோக்கர் மூலம் ஜீப் குடும்பத்துப் பழைய பிக்-அப் ஒன்று வந்தது. "நாலு கியர் வண்டி, மலைக்கு நல்லா இழுக்கும்" என்றார் அவர். கியர் ராடின் குமிழிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொறித்திருந்தது. அவர்களுடைய டிரைவர் ஓட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கை நாலு இடத்துக்குப் போய் வந்ததை என் கண்ணாலேயே எண்ணினேன். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் டிரைவர் வந்து, "அண்ணாச்சி, இதில் முன்னுக்குப் போக மூணுதான் விழுது. நாலாவது ரிவர்ஸு" என்றார். அதாவது, வண்டியை முற்றத்தில் பின்னுக்கு எடுத்து நிறுத்தியபோது போட்ட ரிவர்ஸையும் சேர்த்து நான் நாலு என்று எண்ணியிருக்கிறேன். குமிழ் வேறு வண்டியுடையது. சரி, விலை மலிவுதானே, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டேன். தப்பு அங்கேதான்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான சரக்குடன் ஊத்துக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் இழுக்காமல் எஞ்சின் திணறியது. டிரைவர் முதல் கியருக்கு மாற்றப் பார்த்தார். கியர் கரகரவென்று அரைத்ததே தவிர விழவில்லை. வண்டி நியூட்ரலில் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. சரக்கின் பாரத்துக்குக் கால் பிரேக் பிடிக்கவில்லை. அந்தக் கால ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, பின்னச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாப்டில் இருக்கும். அதன் லைனிங்கும் தேய்ந்திருந்தது. கிளீனர் பையன் கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் போனான். கட்டை வழுக்கியது. வண்டி ஓரக் கல்லில் இடித்து நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் சக்கரம் அவன் இடது காலில் ஏறியிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்த மேஸ்திரியிடம் உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

எண்களுக்கு என்ன அர்த்தம்?

நம் தாத்தா காலத்து வெள்ளிக்கோலைப் பார்த்தவர்களுக்குக் கியர் சுலபமாகப் புரியும். பிடிக்கும் இடத்தை நகர்த்தினால் சின்னக் குண்டு பெரிய மூட்டையைத் தூக்கும். ஆனால் குண்டு அதிக தூரம் போக வேண்டும். கியரும் அவ்வளவுதான். முதல் கியர் 2.80 என்றால் எஞ்சின் 2.80 சுற்று சுற்றும்போது ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும். இழுவை 2.80 மடங்கு ஆகும், வேகம் அதே அளவு குறையும். பின்னச்சில் உள்ள கிரவுன் பினியன் மறுபடி ஒருமுறை இதே வேலையைச் செய்கிறது. ஆகவே இரண்டையும் பெருக்கினால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும்.

என் வண்டியில் இருந்தது டி-90 என்ற மூன்று கியர் பாக்ஸ். அமெரிக்க வில்லிஸ் ஜீப்போடு வந்து, நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி ஜீப்களிலும் நெடுங்காலம் ஓடியது. முதல் கியர் 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது நேர் கியர், அதாவது 1. அச்சு 5.38. பெருக்கிப் பாருங்கள். முதல் கியரில் மொத்தம் சுமார் 15, இரண்டாவதில் 8.3, மூன்றாவதில் 5.38. எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடினால் முதல் கியரில் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், இரண்டாவதில் 32, மூன்றாவதில் 50. 18-க்கும் 32-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. மலையில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு வேண்டிய வேகம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. போதாததற்கு இதில் முதல் கியருக்கு சிங்க்ரோனைசர் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டபுள் கிளட்ச் அடித்து, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தால்தான் விழும். கைதேர்ந்த பழைய டிரைவர் அதைத் தூக்கத்திலும் செய்வார். என் டிரைவர் லாரி ஓட்டிப் பழகாதவர். எல்லாக் குற்றத்தையும் அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்த பாக்ஸ் மோசமானதல்ல. நாலு சக்கர ஜீப்பில் பின்னால் இன்னொரு பெட்டி பூட்டி, அதில் 2.46 என்ற தாழ்ந்த கியரும் கொடுத்திருந்தார்கள். அதையும் பெருக்கினால் முதல் கியர் மொத்தம் 37 ஆகும். காட்டிலும் மேட்டிலும் ஏறும். இரண்டு சக்கர இழுவை வண்டியாக மாற்றி, அந்தப் பெட்டியைக் கழற்றிய பிறகு வெறும் 15 மட்டும் மிஞ்சியது. இதே வில்லிஸ் குடும்பத்தில் டி-98 என்ற நாலு கியர் பாக்ஸும் உண்டு. அதன் முதல் கியர் 6.40. அதே அச்சோடு பெருக்கினால் 34. பாரத்தோடு மேட்டில் நின்றாலும் மனிதன் வேக நடை போடுகிற வேகத்தில் கிளம்பும். அமெரிக்காவின் பழைய பிக்-அப்களில் இந்த மாதிரி நாலு கியர்தான் வெகுகாலம் ஓடியது. அங்கே வெறும் வண்டியை இரண்டாவதில் கிளப்புவார்கள். முதல் கியர் பாரத்துக்கும் மேட்டுக்கும் மட்டும். ஆகவே 'நாலு கியர்' என்று யாராவது சொன்னால் முதல் கியர் எண் என்ன என்று கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் தெரிந்து பயனில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

முதலில் குமிழை நம்ப வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கிளட்சை மிதித்துக்கொண்டு, கியர் ராடை நீங்களே அசைத்துப் பாருங்கள். மொத்தம் எத்தனை பள்ளத்தில் விழுகிறது என்று எண்ணி, அதில் ரிவர்ஸுக்கு ஒன்றைக் கழியுங்கள். நாலு இடம் என்றால் மூன்று கியர், ஐந்து இடம் என்றால் நாலு கியர், ஆறு இடம் என்றால் ஐந்து கியர். என் டி-90-இல் ரிவர்ஸ் இடப்பக்கம் மேலே, முதல் கியர் அதற்குக் கீழே இருந்தது. அதனால்தான் எனக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிந்தது.

பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாக்ஸின் உடம்பில் புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பு எண்; அது கூடு எந்த வகை என்று மட்டும் சொல்லும், உள்ளே இருக்கும் சக்கரங்களைச் சொல்லாது. குத்தியிருக்கும் எண்தான் அந்த பாக்ஸின் சொந்த எண். சிலவற்றில் மூடியின் போல்ட்டோடு சின்னத் தகடு இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கின்றனவே தவிர கியர் பாக்ஸ் எண் கிடையாது. மாற்றிவிட்டால் காகிதத்தில் தெரியாது. ஆனால் வண்டியில் தெரியும். நீளமான பாக்ஸ் ஏற்றினால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும், ஜாயிண்ட் ஷாப்டை வெட்டி ஒட்ட வேண்டும், தரைத் தகட்டை அறுக்க வேண்டும். அங்கே புது வெல்டிங் தென்பட்டால் விசாரியுங்கள். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். முள்ளை 40-இல் நிறுத்தி ஓட்டினால் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் 90 வினாடி ஆக வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் எண்ணிப் பார்த்துவிடலாம். முன் சக்கரங்களுக்கு நல்ல முட்டுக் கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, வெறும் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, கை பிரேக்கை விடுங்கள். நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஜாயிண்ட் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் அச்சின் எண். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று கணக்கு. அடுத்து, எஞ்சின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரைப் போட்டு, முன்பக்கப் புல்லி நட்டை ஸ்பானரால் திருப்பி, ஷாப்ட் ஒரு சுற்று வர எஞ்சின் எத்தனை சுற்று என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ண வேண்டும். அரை மணி வேலை. மேஸ்திரிக்கு ஒரு டீயும் வடையும் அதிகமாக வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஓட்டிப் பார்க்கும்போது

உங்கள் டிரைவர்தான் ஓட்ட வேண்டும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவதிலிருந்து முதலுக்கு மாற்றச் சொல்லுங்கள். மெல்லத் தடுத்து விழுந்தால் சிங்க்ரோனைசர் உண்டு. அரைத்தால் இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக மாற்றும்போது மட்டும் அரைத்து, நிதானமாக மாற்றினால் விழுகிறது என்றால் அது தேய்மானம். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நாலைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் அரைக்கிறதா? குறை பெரும்பாலும் கியரில் இல்லை. கிளட்ச் முழுதாக விடவில்லை. இதைத் தெரியாமல் பாக்ஸைக் கழற்றிப் பணம் விட்டவர்கள் உண்டு.

சத்தத்தையும் கேளுங்கள். நேர் கியரில் சத்தமில்லாமல் மற்றவற்றில் ஊளையிட்டால் அடி ஷாப்டின் பேரிங்கோ பல்லோ போயிருக்கிறது. நியூட்ரலில் கிளட்சை விட்டால் சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் மேல் ஷாப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால் மட்டும் சத்தம் என்றால் கிளட்ச் பேரிங். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆயில் பிளக்கைத் திறந்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் பொடி மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. இரும்புத் துணுக்கு வந்தால் வேறு வண்டி தேடலாம். சத்தத்தை அடக்க ஆயிலில் மரத்தூள் போடும் பழைய தந்திரமும் உண்டு. விரலுக்கு அது தெரிந்துவிடும்.

யாருக்கு எது?

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் வந்த ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி போன்ற வண்டிகளும், 1986-இல் வந்த டாடா 407-உம் ஐந்து கியரை நம் வியாபாரிகளுக்குப் பழக்கின. இடைவெளி குறைவு, மாற்றுவது எளிது. மலைக்கும் நெடுந்தூரத்துக்கும் இந்த வகையே என் தேர்வு. ஐந்தாவது கியர் 1-க்குக் குறைவாக இருந்தால் வெறும் வண்டி திரும்பும்போது டீசல் மிச்சமாகும். பாரத்தோடு அதில் இழுத்தடித்தால் எஞ்சின்தான் திணறும். 2005-இல் வந்த குட்டி யானை என்கிற டாடா ஏஸ் முதலில் இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி, நாலு கியரோடு வந்தது. ஊருக்குள் கடை கடையாக இறக்க அதைவிட வசதி வேறில்லை. முக்கால் டன்னுக்குக் கட்டிய வண்டியில் இரண்டு டன் ஏற்றி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு கியர் பாக்ஸைத் திட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மூன்று கியர் பழைய ஜீப் பிக்-அப் இன்றும் எங்காவது விற்பனைக்கு வரும். சமவெளியில், அரை டன் சரக்குக்கு, வண்டி தெரிந்த டிரைவர் இருந்தால் வாங்கலாம். மலைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கிரயச் சீட்டு எழுதும்போது கியர் பாக்ஸில் குத்தியிருக்கும் எண்ணையும், முன்னுக்கு எத்தனை கியர் என்பதையும் ஒரு வரியில் எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.