காணாமல் போன உறை

எங்கள் தேவாலயத்தில் 11 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஒரு காசுகூட கணக்கில் தவறியதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. வம்பு அந்தப் பெருமையில்தான் தொடங்கியது.

டிசம்பர் வந்தால் எங்கள் சபையார் இரவில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடுவோம். பாடி முடித்ததும் வீட்டுக்காரர்கள் காணிக்கை உறை கொடுப்பார்கள். அந்த ஆண்டு காணிக்கைப் பையைச் சுமந்தவர் ஒரு லோரி ஓட்டுநர். குடியால் பல ஆண்டுகளைத் தொலைத்து, அதிலிருந்து மீண்டு, அப்போதுதான் ஆலயத்துக்குத் திரும்பியிருந்தார்.

கடைசி இரவு முடிந்து எண்ணிப் பார்த்தால் ஓர் உறை இல்லை. அந்த வீட்டுக்காரர் 300 வெள்ளி வைத்ததாகச் சொன்னார்.

நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது இரண்டு பேரிடம் மட்டும், "இனிமே பையை யாருகிட்ட கொடுக்கிறோம்னு பார்த்துக் கொடுக்கணும்" என்று மெதுவாகச் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. ஜனவரி பாதியில் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். "பார்த்தீங்களா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் தலையை ஆட்டினேன்.

சீனப் பெருநாள் விடுமுறையில் வீட்டை ஒதுக்கியபோது, பாட்டுத் தாள்கள் வைத்திருந்த என் கோப்பிலிருந்து அந்த உறை விழுந்தது.

விடுமுறை முடிந்ததும் பணத்தை வங்கியில் கட்டினேன். 'தாமதமாகக் கிடைத்த காணிக்கை' என்று கணக்கில் எழுதினேன். முழங்காலிட்டுக் கடவுளிடம் மன்னிப்பும் கேட்டேன். விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நானும் அந்தப் பரிசேயனும்

பிறகு தவக்காலம் வந்தது. உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்திய, ஞாயிறுகள் நீங்கலான 40 நாட்களைக் கிறிஸ்தவர்கள் நோன்புக்கும் மனந்திரும்புதலுக்கும் ஒதுக்குகிறார்கள். ஒரு வாரம் எங்கள் போதகர் லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் உள்ள உவமையை எடுத்துப் பேசினார்.

இரண்டு பேர் ஜெபிக்க ஆலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன். வாரத்தில் இரண்டு நாள் நோன்பிருப்பவன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பவன். இன்னொருவன் ஆயக்காரன். ரோம ஆட்சிக்காகச் சொந்த மக்களிடமே வரி வாங்கி, அவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தவன். பரிசேயன் தான் இந்த ஆயக்காரனைப் போல இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, தலை நிமிராமல் மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். கடவுளுக்கு ஏற்றவனாக வீடு திரும்பியவன் அவன்தான் என்றார் இயேசு.

'நல்ல வேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை' என்று நினைத்தேன். நினைத்த மறுகணமே உடம்பு கூசியது. அவன் செய்த ஜெபத்தையே நானும் செய்துகொண்டிருந்தேன்.

போதகர் இன்னொரு கதையும் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் மோசே என்ற துறவி வாழ்ந்தார். முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கக் கூடிய சபைக்கு அவரையும் அழைத்தார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, அதைச் சுமந்துகொண்டு வந்தார். காரணம் கேட்டபோது, தன் பாவங்கள் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, தான் அவற்றைப் பார்ப்பதில்லை, ஆனால் அடுத்தவரை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்றாராம். கூடியிருந்தவர்கள் அந்தச் சகோதரரை மன்னித்து விட்டார்கள்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி

அடுத்தவர் தவற்றைப் பார்க்கவே கூடாது என்று இயேசு சொல்லவில்லை. முதலில் உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்கத் தெளிவாகப் பார்ப்பாய் என்பதே அவர் போதனை. ஒருவன் தவறு செய்தால் முதலில் தனியே போய் அவனிடமே பேசு என்றும் சொன்னார். பணம் குறைந்தால் விசாரிப்பது பொருளாளரின் கடமை. நான் உரியவரைக் கேட்காமல் ஊரிடம் பேசியிருந்தேன்.

காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பதும் அவர் போதனைதான். 11 ஆண்டுகள் காணிக்கை எண்ணிய எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"மழை தூறுச்சுன்னு அந்த உறையை நீங்கதானே சார் வாங்கி வச்சீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகு, "என் மகன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, 'அப்பா, எடுத்தீங்களா?'ன்னு கேட்டான் சார். நான் குடிச்ச காலத்துலகூட அவன் என்னை அப்படிக் கேட்டதில்ல. என்கிட்ட மன்னிப்புக் கேட்டது போதும். அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

பதினைந்து வயதுப் பையன் வந்து நின்றான். உன் அப்பா எடுக்கவில்லை, உறை என்னிடம்தான் இருந்தது, விசாரிக்காமல் பழி சொன்னது நான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கடவுளிடம் முழங்காலில் சொன்னதைவிட அது பல மடங்கு கடினமாக இருந்தது.

மறுநாள் ஆராதனையில் போதகரிடம் அனுமதி கேட்டுச் சபையார் முன்னும் அதையே சொன்னேன். பொருளாளர் பொறுப்பையும் விட்டேன். இப்போது காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள். லோரி ஓட்டுநர் எங்கள் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. வேறோர் ஆலயத்துக்குப் போகிறார். சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார்.

தேநீர் மேசையில் நான் சொன்னதைக் கேட்ட இருவரில் ஒருவர் வேறு ஊருக்கு மாறியிருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். "ஐயோ, அதை நான் நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே" என்றார்.

அந்த நாலு பேரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மூவரிடம் பேசிவிட்டேன். இன்னும் ஒருவர் பாக்கி.